வீட்டிலிருந்து புறப்பட்ட பை

எழுபதுகளில் மதுரையில் எங்கள் வீட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் வரிசையாக ஆணி அடித்திருக்கும். ஆணிக்கொரு பை. அரிசிக்குக் காடாத்துணியில் தைத்த பெரிய பை, மளிகைக்கு ஒன்று, காய்கறிக்கு ஒயர் கூடை, ரேஷன் சீனிக்குச் சின்னதாக ஒன்று. மீனும் கறியும் வாங்குகிற பை மட்டும் அந்த வரிசைக்கு வராது. அது கொல்லையில் தனியாகத் தொங்கும். அவசரத்தில் யாராவது அதை எடுத்துக்கொண்டு பருப்பு வாங்கக் கிளம்பினால், அம்மா வாசல்வரை வந்து மாற்றிக் கொடுத்து அனுப்புவார்.

அந்தப் பைகளில் ஒன்றுகூடக் கடையில் கொடுத்ததில்லை. அப்பாவின் பழைய கால்சட்டை கிழியும்போது முழங்காலுக்குக் கீழே துணி நன்றாக இருக்கும். அதை வெட்டி அடியைச் சேர்த்துத் தைத்தால் ஒரு பை. பையில் முதலில் போவது காதுதான் என்பதால், காது சேரும் இடத்தில் சதுரமாக ஓட்டி, அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக இன்னும் இரண்டு தையல் போடுவார் அம்மா. காது அறுந்தால் மறுபடி தைப்பார். அடி நைந்தால் உள்பக்கம் ஒட்டுப் போடுவார். இனிமேல் தாங்காது என்று ஆன பிறகு அது கரித்துணியாகி அடுப்படிக்கே திரும்பிவிடும்.

ஒயர் கூடை பிளாஸ்டிக்தான். இதை அழுத்தமாகவே சொல்ல வேண்டும். தெருவில் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து பின்னிய கூடைகள் அவை. சிவன் கண், பிஸ்கட், நெல்லிக்காய் என்று முடிச்சுக்கு முடிச்சு பெயர் உண்டு. அக்கா பின்னிய பச்சையும் வெள்ளையுமான கூடை அவள் கல்யாணமாகிப் போன பிறகும் எங்கள் வீட்டுக்குக் காய் சுமந்தது. அதன் நிறம் மங்கியதே தவிர ஒரு முடிச்சும் விடவில்லை. பிளாஸ்டிக் என்ற பொருளையே எதிரியாக நினைப்பவர்களிடம் நான் அந்தக் கூடையைப் பற்றித்தான் பேசுவேன். எதனால் செய்த பை என்பது இரண்டாவது கேள்வி. அந்தப் பை எங்கிருந்து புறப்படுகிறது என்பதுதான் என் முதல் கேள்வி. அன்றைக்குப் பை வீட்டிலிருந்து கடைக்குப் போனது. இன்றைக்குக் கடையிலிருந்து வீட்டுக்கு வருகிறது. நாற்பது ஆண்டுகளில் நடந்த மாற்றத்தை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

மாதச் சாமான் கீழமாசி வீதியில். சில்லறைச் சாமான் எங்கள் தெரு முனை அண்ணாச்சி கடையில். சிட்டையை நீட்டினால் அண்ணாச்சி மேலிருந்து கீழாக ஒரு தடவை படித்துவிட்டு, ஏற்கெனவே சதுரமாகக் கிழித்து ஆணியில் குத்தி வைத்திருக்கும் செய்தித்தாளில் ஒன்றை உருவுவார். தாளின் ஒரு மூலையை இடது கைப் பெருவிரலால் அழுத்தி, வலது கையால் சுற்றினால் கூம்பு வந்துவிடும். கூர்முனையை மடித்து மேலே ஏற்றி, தராசுத் தட்டிலிருந்து உளுந்தைச் சரிப்பார். வாயை மூன்று பக்கமாக மடித்து அழுத்துவார். தலைக்கு மேலே ஒரு தகர டப்பாவில் நூல்கண்டு இருக்கும். அதன் ஓட்டை வழியாகத் தொங்கும் நூலைப் பார்க்காமலே இழுத்து, பொட்டலத்தைக் குறுக்கே இரண்டு சுற்று, நெடுக்கே இரண்டு சுற்று. கடைசியில் நூலை விரலில் ஒரு வளையம் போட்டுச் சுண்டுவார், அது அறுந்துவிடும். கத்திரிக்கோல் அந்தக் கடையில் நான் பார்த்ததில்லை. இத்தனையும் ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள். சரசரவென்று பொட்டலங்கள் அடுக்கான பிறகு, “பையை விரி பாப்பா” என்பார். கனமானது அடியில், அப்பளக்கட்டு மேலே.

பையில்லாமல் வந்து நிற்கிற பிள்ளைகளிடம் அவர் சொல்வது ஒன்றுதான். “போயி பையை எடுத்துட்டு வா. அதுக்குள்ள சாமானைக் கட்டி வச்சிர்றேன்.” பெரியவர்களைத் திருப்பி அனுப்ப மாட்டார். கடைக்கென்று இரண்டு மூன்று பைகள் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் கிடக்கும். அதில் ஒன்றைக் கொடுத்து, சிட்டையின் ஓரத்தில் ‘பை 1’ என்று எழுதிக்கொள்வார். அடுத்த தடவை சாமானுக்கு முன்னால் பையைத்தான் கேட்பார். பணம் பாக்கி இருந்தால் மாதக் கடைசிவரை பொறுத்த மனிதர், பைக்கு மட்டும் தவணை தரமாட்டார்.

நல்லெண்ணெய்க்குத் தூக்கு, மண்ணெண்ணெய்க்கு டின், மாவுக்குச் சட்டி, ஹோட்டலில் சாம்பார் வாங்க மூடி போட்ட வாளி. கறிக்கடையில் தேக்கிலையோ தாமரை இலையோ வைத்துக் கட்டிக் கொடுப்பார்கள். இலைக்கு மேலே நம் பை. பொட்டலத்து நூலைப் பிரித்ததும் எறிய மாட்டோம். சுற்றிச் சுற்றி உருண்டையாக்கி மாடக்குழியில் வைத்தால், காற்றாடிக்கோ எதற்கோ ஆகும். தாளை நீவி விட்டு வாசிப்போம். பாதிக் கதை மட்டும் வரும், மீதிப் பாதி எந்த வீட்டுப் பருப்பைச் சுற்றிப் போனதோ!

எல்லாமே அப்படியே திரும்பி வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. செய்தித்தாளில் இருக்கும் அச்சுமை சாப்பாட்டில் படக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் எச்சரித்தது. எண்ணெயில் பொரித்த வடையை அந்தத் தாளில் பிழிந்து தின்ற தலைமுறை நாங்கள். அது போனது நல்லதுக்குத்தான். பைகளைத் துவைத்துக் காயப்போட்டு, தைத்து, எது எந்த ஆணி என்று நினைவில் வைத்திருந்த வேலை முழுவதும் பெண்கள் தலையில் விழுந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பைகளை உள்பக்கம் வெளியே திருப்பி, மூலையில் தங்கிய பருப்புத்தூசியைத் தட்டி, அலசிப் போடுவார் அம்மா. அதை வீட்டில் இருந்த ஆண்களில் ஒருவர் செய்து நான் பார்த்ததில்லை. கேரி பேக் வந்தபோது பெண்கள் அதை வரவேற்றதில் நியாயம் இருந்தது.

எண்பதுகளின் இறுதியில் அது வந்தது. முதலில் ஜவுளிக்கடையில், பெரிய எழுத்தில் கடைப் பெயர் போட்ட வழவழப்பான பை. அதைக் கிழிக்காமல் மடித்து மெத்தைக்கு அடியில் வைத்தார்கள். கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் அதில் புத்தகம் வைத்துக் கொண்டுபோனார்கள். மஞ்சப்பை தூக்கியவன் பட்டிக்காட்டான் என்று சினிமா சொல்லிக்கொண்டே இருந்தது. ரயிலிலிருந்து இறங்கி மேலே பார்த்து வாயைப் பிளக்கிறவன் கையில் எப்போதும் ஒரு மஞ்சப்பை. கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் நகரத்து ஆள். தொடக்கத்தில் பிளாஸ்டிக் பையையும் கழுவித் துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தார்கள். பழக்கம் அவ்வளவு எளிதில் போய்விடவில்லை. பிறகு பை மெலிந்தது. மெலிய மெலிய விலை குறைந்தது. ரெண்டு ரூபாய்க் கொத்தமல்லிக்கு ஒரு பை, கால் கிலோ தக்காளிக்கு ஒரு பை, எல்லாவற்றையும் சேர்த்துப் போட இன்னொரு பை என்று ஆனபோது கழுவுவதும் நின்றது.

அந்தப் பையை உருவாக்கியவர் என்ன நினைத்தார் என்பதை நான் தெரிந்துகொண்டது மிகப் பிற்காலத்தில். ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்டென் குஸ்டாப் துலின் என்ற பொறியாளர், செல்லோபிளாஸ்ட் நிறுவனத்துக்காக அறுபதுகளின் தொடக்கத்தில் அதை வடிவமைத்தார். தட்டையான பிளாஸ்டிக் குழாயை மடித்து, உருக்கி ஒட்டி, மேலே வெட்டினால் காதோடு கூடிய பை. காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைத் தன் பை தடுக்கும் என்று அவர் நம்பினார். ஒரு பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வெளியே போவார் என்று அவர் மகன் சொல்லியிருக்கிறார். ஆக, அதை உருவாக்கியவருக்கே அது வீட்டிலிருந்து புறப்படுகிற பைதான். இலவசமாகக் கிடைக்கும் என்று ஆனதும் உலகம் முழுவதும் அதன் திசை மாறிவிட்டது.

மாறிய திசையின் விலையை முதலில் கொடுத்தவை மாடுகள். மிச்ச சோற்றையும் காய்த்தோலையும் பையில் போட்டு முடிச்சிட்டுக் குப்பையில் எறிகிறோம். வாசனை பிடித்து வரும் மாட்டுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாது, பையோடு விழுங்கும். அசைபோடும் முதல் வயிற்றில் அந்தப் பைகள் ஒன்றோடொன்று பின்னிக் கயிறாகி, மேலேயும் வராமல் கீழேயும் இறங்காமல் தங்கிவிடும். வயிறு நிறைந்தே இருப்பதால் மாடு தின்னாது, பால் வற்றும், மெல்ல மெல்லச் சாகும். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றை அறுத்து 52 கிலோ பிளாஸ்டிக்கை வெளியே எடுத்தார்கள். நானும் என் அக்கம்பக்கமும் முடிச்சுப் போட்டு எறிந்த மாதிரிப் பைகள்தாம் அவை. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சட்டம் சும்மா இருக்கவில்லை, ஆனால் தடிமனைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. 2011-இல் பை குறைந்தது 40 மைக்ரான் இருக்க வேண்டும் என்றார்கள். 2016-இல் 50, 2021 செப்டம்பர் இறுதியில் 75, 2022 டிசம்பர் இறுதியில் 120. மெல்லிய பையைக் குப்பை பொறுக்குகிறவர் குனிந்து எடுக்க மாட்டார், நாளெல்லாம் பொறுக்கினாலும் எடை நிற்காது. தடித்தால் எடுப்பார் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் கடைக்காரர் கையில் மைக்ரான் அளக்கும் கருவி எங்கே இருக்கிறது? தமிழ்நாட்டில் 2000-ஆம் ஆண்டை ஒட்டியே நீலகிரி மாவட்டம் வழி காட்டியது. அப்போது ஆட்சியராக இருந்த சுப்ரியா சாகு மலையில் பிளாஸ்டிக் பைக்குத் தடை கொண்டுவந்தார். மாநிலம் முழுவதற்கும் தடை வர 2019 ஜனவரி 1 ஆனது. பை, தட்டு, தம்ளர், உறிஞ்சுகுழல் என்று தூக்கி எறியும் 14 பொருள்கள் அந்தப் பட்டியலில் இருந்தன.

எங்கள் ஊரில் ஒரு மனிதர் வேறு பக்கத்திலிருந்து இதைத் தொட்டார். தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். ஜல்லியைச் சூடாக்கி, அதன்மேல் நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகிக் கல்லின்மேல் பூச்சாகப் படியும். அதற்குப் பிறகு தாரைக் கலந்தால் பிடிப்பு கூடும். அப்படிப் போட்ட சாலைகள் நாட்டின் பல மாநிலங்களில் இருக்கின்றன. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. என்றாலும் சாலைக்குப் போகிற பை முதலில் யாராவது குனிந்து எடுத்த பையாக இருக்க வேண்டும். வைகையிலும் கிருதுமால் நதியிலும் சேற்றோடு அமுங்கிக் கிடக்கிற பையை எந்தச் சாலைக்கும் அள்ளிப்போட முடியாது.

சரி, துணிப்பைக்கு மாறியாயிற்றே, அதோடு தீர்ந்ததா? இங்கேதான் எனக்கு வருத்தம் அதிகம். இப்போது மளிகைக் கடையிலும் ஜவுளிக்கடையிலும் மருந்துக்கடையிலும் கொடுக்கிற ‘துணிப்பை’யை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊடும் பாவும் இருக்காது. சின்னச் சின்னப் புள்ளிகளாக அழுத்திய தடம் தெரியும். ஓரத்தில் ஒரு துண்டு வெட்டித் தீக்குச்சியில் காட்டினால், பருத்தி சாம்பலாகும், இது உருகி உருண்டையாகும். நெய்யாத பை என்று பெயர். பாலிபுரோப்பிலின் என்ற பிளாஸ்டிக்தான். மாடியில் ஒரு கோடை காய்ந்தால் கையில் எடுக்கும்போதே பொடிப்பொடியாக உதிரும். அந்தப் பொடியைப் பெருக்கிக்கூட அள்ள முடியாது. 2019 தடைப் பட்டியலில் இந்தப் பையும் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 2023 அக்டோபரில் காகிதக் கப்புகள்மேல் இருந்த தடையை ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், நெய்யாத பை விஷயத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்லித் திருப்பி அனுப்பியது. கடைகளில் அது இன்றும் தாராளமாகப் புழங்குகிறது.

உண்மையான பருத்திப் பைக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. பருத்தி விளைய நீர் வேண்டும், உரம் வேண்டும், நெசவுக்கு மின்சாரம் வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வு, புவி வெப்பமாதல் கணக்கில் மட்டும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாக வர ஒரு பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும் என்றது. டென்மார்க் 2018-இல் வேறு பல பாதிப்புகளையும் சேர்த்துக் கணக்கிட்டு 7,100 தடவை என்றது. பிளாஸ்டிக் வியாபாரம் செய்பவர்கள் இந்த எண்களை ஆசையோடு மேற்கோள் காட்டுகிறார்கள். மாட்டு வயிறும் அடைபட்ட வாய்க்காலும் அந்தக் கணக்கில் சேரவில்லை என்பதைச் சொல்ல மாட்டார்கள். எண்களைக் கண்டு நான் பயப்படவும் இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை கடைக்குப் போனால் 131 என்பது இரண்டரை ஆண்டு. அப்பாவின் கால்சட்டைப் பை நாள்தோறும் போய் வந்தது. அதற்காகப் புதிதாக ஒரு செடிப் பருத்திகூட விளைவிக்கவில்லை.

ஆனால் கல்யாண வீட்டில் கொடுக்கிற தாம்பூலப் பை? ஒரு தேங்காயும் இரண்டு வெற்றிலையும் வைக்கிற அளவில் தைத்தது. ஒரு கிலோ துவரம்பருப்பு வைத்தால் காது பிய்ந்துவிடும். முன்பு அதே தாம்பூலப் பை கெட்டித் துணியில் மஞ்சப்பையாக வரும், பள்ளிக்கூடப் பையாக, ரேஷன் பையாக ஓடும். இப்போது ஒரு முகூர்த்த மாதம் முடிந்தால் ஒவ்வொரு வீட்டிலும் அலமாரி நிறைந்து கிடக்கிறது. கடையில் தருகிற கட்டைப்பைகளும் அப்படித்தான். நல்ல பைகள்தான், பத்தாண்டு தாங்கும். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று வந்துகொண்டே இருந்தால் எந்தப் பைக்கு 131 தடவை வாய்க்கும்?

முதலமைச்சர் ஸ்டாலின் 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கிவைத்தபோது நான் மனதார மகிழ்ந்தேன். ஒரு தலைமுறை கேலி செய்த பொருளை அரசே கையில் எடுத்து மரியாதை தந்தது சின்ன விஷயமல்ல. கோயம்பேடு சந்தையில் 2022-இல் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தருகிற இயந்திரம் வந்தது. வேறு இடங்களிலும் வைத்தார்கள். பை இல்லாமல் வந்துவிட்டவருக்கு அது பெரிய உதவி. அடுத்த தடவை அவர் அதே பையோடு வந்தாரா என்பதை அந்த இயந்திரத்தால் கேட்க முடியாது. அண்ணாச்சி கேட்பார்.

பழைய ஒழுங்கு இன்னமும் குலையாமல் இருக்கிற ஓரிடம் ரேஷன் கடை. அங்கே பை தர மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் பையில்லாமல் போவதில்லை. வசதி உள்ளவர், இல்லாதவர், படித்தவர், படிக்காதவர் எல்லோரும் நாலாக மடித்த பையோடுதான் வரிசையில் நிற்கிறார்கள். ‘மக்களுக்குப் பழக்கம் போய்விட்டது’ என்று சொல்பவர்கள் மாதம் ஒருமுறை அந்த வரிசையைப் போய்ப் பார்க்கட்டும்.

பழக்கம் போகவில்லை, வாசலில் தடுக்கிறார்கள் என்பதே என் அனுபவம். எங்கள் பகுதியில் ஒரு சூப்பர் மார்க்கெட். துணிப்பையோடு போனால் காவலாளி வாங்கி, அட்டை கொடுத்து, தடுப்புக்குள் வைத்துவிடுவார். உள்ளே சுற்றி, பில் போடும் இடத்துக்கு வந்தால், “பை வேணுமாம்மா? பன்னெண்டு ரூவா” என்பார்கள். என் பை வாசலில் கிடக்கிறது. இங்கே புதுப் பை காசுக்குக் கிடைக்கிறது. இதே மாதிரி ஒரு வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில், முன்கூட்டித் தெரிவிக்காமல் பில் போடும் இடத்தில் பைக்குக் காசு கேட்பது முறையற்ற வணிகம் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எனக்குப் பன்னிரண்டு ரூபாய் பெரிதில்லை. கையில் பையோடு வந்த ஒருத்தியைப் புதுப்பையோடு திருப்பி அனுப்புகிற ஏற்பாட்டைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஒருநாள் மேலாளரைப் பார்த்துப் பேசினேன். இளைஞர், பொறுமையாகக் கேட்டார்.

“உள்ளே பை கொண்டு போனா எதை எடுத்துப் போட்டாங்கன்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்? ஸ்டாக் குறைஞ்சா நான்தான பதில் சொல்லணும்.”

“நீங்க சொல்றது நியாயம்தான் தம்பி. பையை நான் உள்ள கொண்டு போகல. ஆனா வாசல்ல வாங்கி வைக்கிறதுக்குப் பதிலா பில் போடுற மேஜையில வாங்கி வைங்க. காலிப் பைதானே, உதறிக் காட்டிட்டே குடுக்கிறேன். பில் போட்டதும் நீங்களே அதுல சாமானைப் போட்டுக் குடுத்துருங்க.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். ஓனரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அடுத்த மாதம் போனபோது பில் மேஜைக்கு அருகில் கம்பியில் நாலைந்து கொக்கி மாட்டியிருந்தது. இரண்டில் பை தொங்கியது, ஒன்று ஒயர் கூடை. யாருடையது என்று பில் போடும் பெண்ணிடம் கேட்டேன். முன்னால் நின்ற அம்மாவைக் காட்டினார். அந்த அம்மா என்னைப் பார்த்து, “ரொம்ப நாளா வீட்லயே சும்மா கெடந்துச்சுக்கா, இப்பத்தான் வெளிய எடுத்துட்டு வர்றேன்” என்றார். பின்னல் நெல்லிக்காய் முடிச்சு. எங்கே ஒயர் வாங்கினீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன்.